மேசைக்கு அடியில் சரோஜாக்கா

சனிக்கிழமை இரவு, நோர்வூட்

போரில் பயந்துபோன பிள்ளைகளை எப்படித் தேற்றுவது என்று ஹட்டனில் டீச்சர்களான எங்களுக்கும் பிள்ளை பார்ப்பவர்களுக்கும் இன்று பயிற்சி. "பயந்த பிள்ளை மாதிரி நடிச்சுக் காட்டுங்க" என்றார் பயிற்சி தந்த மிஸ். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சரோஜாக்கா மேசைக்கு அடியில் போய்ப் படுத்தாங்க. எல்லாரும் கை தட்டினோம். அக்கா வெளியே வரவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் உதறக் கிடந்தாங்க. சின்ன வயதில், போர் நடந்தபோது, கிளிநொச்சியில் இருந்தவங்க என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். மிஸ்ஸும் திகைத்து நின்றுவிட்டார். நான் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் படுத்தேன்.

"பிளேன் போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாங்க. "தோட்டத்துல யாருக்கும் சொல்லிறாதீங்க டீச்சர். புள்ளைங்கள எங்கிட்ட விடமாட்டாங்க."

சொல்லமாட்டேன் என்றேன். இறங்கும்வரை என் கையை விடவேயில்லை.