போயிட்டு வரேன்

மார்ச் 3, திங்கள்

கடல் தாண்டி வந்து சேர்ந்தேன். பெட்டி வரவில்லை. நல்லவேளை, சாம்பிள் வாஷரெல்லாம் கைப்பையில் இருந்தது. ஓட்டல் அறையில் ஜன்னல் திறக்காது. கேட்டால், "உங்க பாதுகாப்புக்குத்தான் சார்" என்கிறாள் வரவேற்பு மேசைப் பெண். பதினேழாவது மாடியிலிருந்து நான் எங்கே இறங்கிப் போகப் போகிறேன்?

மார்ச் 4, செவ்வாய்

பெட்டி வந்தது. அதன் சக்கரம் ஒன்று வரவில்லை.

பாதாள ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏற இருபத்திரண்டு வழிகள். ஒன்பதில் ஏற வேண்டியவன் பத்தொன்பதில் ஏறித் தொலைத்தேன். வழி கேட்கலாமென்றால் எல்லார் காதிலும் ஏதோ மாட்டியிருக்கிறது. ஒருவர் நின்றார், போனில் வரைபடத்தைக் காட்டிவிட்டு நடந்தார். இத்தனை லட்சம் ஜனத்தில் ஒருத்தருக்கும் வாய் கிடையாது. நம்மிடம் வழி கேட்டால் தெரியாதவன்கூடச் சொல்லுவான்.

கம்பெனியில் கொள்முதல் மேலாளர் ஒரு அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் எதையும் பார்க்கிறார். கண்ணாடியம்மா என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். பம்புக்கான ரப்பர் வாஷரை வளைத்து, நசுக்கி, "எங்க இன்ஜினியர் பார்க்கணும்" என்றார்.

இந்த ஆர்டர் வராவிட்டால் ஏப்ரலிலிருந்து நம் பட்டறையில் இரண்டாவது ஷிப்ட் கிடையாது. பதினொரு பேருக்கு வேலை போகும். மச்சினன் பட்டியலே எழுதி வைத்திருக்கிறான். "நீங்க சொல்ற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன் மாமா" என்றுதான் வழியனுப்பினான்.

சாம்பிளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். இன்ஜினியர் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள். தெரிந்த இங்கிலீஷில் மரியாதையாக, போயிட்டு வரேன் என்றேன். "சரி, காத்திருக்கோம்" என்றார் கண்ணாடியம்மா. எவ்வளவு பண்பு. அறைக்கு வந்து சாக்ஸ் துவைத்தேன்.

மார்ச் 5, புதன்

போன் இல்லை.

மார்ச் 6, வியாழன்

பொறுக்க முடியாமல் நானே கண்ணாடியம்மாவைப் போனில் கூப்பிட்டேன். "அன்னிக்கு ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். இன்ஜினியர் வேற பேக்டரியிலேருந்து வந்தார். நீங்க வரல." நான் எப்போது வருவதாகச் சொன்னேன்? "நீங்கதானே போயிட்டு வரேன்னு சொன்னீங்க?"

ஐயோ.

நுணலும் தன் வாயால் கெடும். நாற்பத்தெட்டு வருஷமா வாயில ஊறின வார்த்தை. முக்குக் கடைக்குப் போனாலும் அதுதான். போறேன்னு சொன்னா வீட்ல என்னைச் சும்மா விடுவாங்களா? இதைப் போய் எந்த இங்கிலீஷ்ல சொல்லித் தொலைக்கறது?

மார்ச் 7, வெள்ளி

நேரில் போனேன். ஒன்பதாம் வழியில் சரியாக ஏறினேன் — எரிச்சலில் இருந்தால் வழி தெரிகிறது போல. "திரும்பி வராதவங்கதான் எங்க பேச்சில போறேன்னு சொல்லுவாங்க" என்று விளக்கினேன். கண்ணாடியம்மா சிரிக்கவில்லை.

"அப்ப வரப்போறதில்லைன்னாலும் வரேன்னுதான் சொல்வீங்க?"

"ஆமா."

"சரக்கு வரும்னு சொன்னாலும் அப்படித்தானா?"

சுருக்கென்றது. "தேதி சொன்னா தேதிதான்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சோதனை முடிந்ததும் எழுதுவதாகச் சொன்னார்.

எழுந்தேன். வார்த்தை நுனி நாக்குக்கு வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "போறேன்" என்றேன். பதினொரு பேரையும் சேர்த்து வழியனுப்பிவிட்டேனா? லிஃப்ட் வாசலில் யாரும் இல்லை. சுவரைப் பார்த்து "வரேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன் — வீட்டில்

காலையில் மெயில். மூன்றே வரி. வாஷர் தேறிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நேரில் வரவும். மூன்றாவது வரி: "போயிட்டு வரேன் என்றீர்களே, தேதி சொல்லுங்கள்."

மச்சினன் இரண்டு முறை படித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்த பட்டியலை எடுத்துக் கிழித்தான்.

மறுபடியும் அந்த ஊர். அந்த ஜன்னல். அந்த இருபத்திரண்டு வழி. ஏப்ரல் 2 என்று பதில் எழுதினேன். பெட்டிக்குச் சக்கரம் போட வேண்டும்.