வெல்லத்துல மண்ணு

தை மாசம், செவ்வாக்கிழமை

மருமக செல்வி இன்ஸ்டாகிராம்ல நம்ம வெல்லம் விக்கறா. அதுல ஒரு கடலூர்க்காரி, வெல்லத்துல மண்ணு கெடக்குன்னு எல்லாரும் பாக்கற மாதிரி எழுதிட்டா.

"அதை அழிச்சிடுடி"ன்னு கத்துனேன்.

"அழிச்சா மண்ணு போயிடுமா அத்தை?"ன்னா. வெல்லத்தைத் தண்ணியில கரைச்சி, அடியில தங்குன மண்ணை அவளே வீடியோவுல காட்டுனா. "வடிகட்டுற துணி கிழிஞ்சிருந்தது. எங்க தப்பு. வேற வெல்லம் அனுப்பறோம்"னு சொன்னா. சாயங்காலத்துக்குள்ள கடலூர்க்காரியே மெச்சி எழுதிட்டா. புதுசாவும் பல பேர் வெல்லம் கேக்கறாங்க.

கிழிஞ்ச துணியில சாறு வடிச்சது நான்தான். செல்விக்கும் தெரியும். கொழம்புல உப்பு ஏறுனதுக்குப் பந்தியில வச்சி என்னைக் காட்டிக்குடுத்த என் மாமியாரை நான் இன்னும் மன்னிக்கல. இவ ஊரு ஒலகம் பாக்க "எங்க தப்பு"ன்னா.

கெட்டிக்காரி. காலையில மொத வேலையா புதுத் துணி வாங்கணும்.