முள் காட்டிய அறுபத்தாறு

18 ஜூன் 2025, புதன்

காலையில் வேனில் ஒரு சண்டை. சண்டை என்ன சண்டை, நான் பேசினேன், டிரைவர் கண்ணாயிரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாங்கள் ஒன்பது வாத்தியார்களும் சேர்ந்து பேசி வைத்த வேன். ஒரே நிபந்தனை, அறுபதுக்கு மேல் போகக்கூடாது. போன வருஷம் இதே ரோட்டில் வேகமாக வந்த கார் மோதித்தான் சௌந்தரம் டீச்சரின் வீட்டுக்காரர் போனார். முன்சீட்டு என்னுடையது. பிசிக்ஸ் வாத்தியாராச்சே, மீட்டரைப் பார்க்கிற பொறுப்பும் என்னுடையது.

இன்றைக்கு ஆலப்பாக்கம் தாண்டியதும் முள் அறுபத்தாறில் நிற்கிறது. கேட்டால் முன்னால் மாட்டியிருக்கும் ஃபோனைக் காட்டி, "இதுல அறுபதுதான் சார் காட்டுது" என்கிறான். விடுவேனா? "சக்கரத்தோட சேர்ந்து ஓடற மீட்டர் பொய் சொல்லும், ஆகாசத்துல சுத்தற சேட்டிலைட் உண்மை சொல்லுமா? இருபத்திரண்டு வருஷமா பிசிக்ஸ் எடுக்கறேன்யா. என்கிட்டயே பொய் சொல்றியா?"

வேன் முழுக்க சிரிப்பு. சௌந்தரம் டீச்சர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் எல்லோருமாகப் பேசி அவனை நிறுத்திவிட்டோம். நாளையிலிருந்து வேறு வேன்.

19 ஜூன்

பன்னிரண்டாம் வகுப்பில் 'கண்ணாயிரம் சேட்டிலைட்' கதையைச் சொன்னேன். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

22 ஜூன், ஞாயிறு

நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணம். ஸ்கூட்டரில் பின்னால் என் மனைவி பவானி, கையில் ஃபோன், அதில் வழி பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, நாப்பத்தஞ்சுலயே உருட்டிக்கினு போறீங்க, தாலி கட்டி முடிச்சுடுவாங்க" என்றாள். என் முள் ஐம்பதில் இருந்தது.

ஃபோன் தப்பு என்றேன். சொன்னேனே தவிர எனக்கே நம்பிக்கை வரவில்லை. பந்தியில் சரியாகச் சாப்பிடவில்லை.

23 ஜூன்

விடியற்காலை வாக்கிங் போகிறேன் என்று பவானியிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அதே நெல்லிக்குப்பம் ரோட்டுக்குப் போனேன். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லுக்கு முள்ளும் தெரியாது, சேட்டிலைட்டும் தெரியாது. முள்ளை ஐம்பதிலேயே பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் வாட்சில் நேரம் பார்த்தேன். நிஜமாகவே ஐம்பது என்றால் எழுபத்திரண்டு விநாடி ஆக வேண்டும்.

எழுபத்தொன்பது. மறுபடி போனேன், எண்பது. மறுபடி, எழுபத்தொன்பது.

நாற்பத்தைந்தரைதான். ஃபோன் சரி. அப்படியானால் அந்த அறுபத்தாறு — ஐயோ, அந்தாளு சொன்ன அறுபதுதானே?

24 ஜூன்

மெக்கானிக் தேவநாதனிடம் யாருக்கோ சந்தேகம் என்பதுபோலக் கேட்டேன். கிரீஸ் கையோடு சிரித்தார். "எல்லா வண்டியும் அப்பிடித்தான் சார். மீட்டர் கம்மியா மட்டும் காட்டக்கூடாதுன்னு ரூல் இருக்குது. அதனால கம்பெனிக்காரனே கொஞ்சம் ஜாஸ்தியா காட்டற மாதிரி வெச்சுதான் அனுப்புவான். டயர் தேஞ்சா இன்னும் ஏறும். ஃபோனு வண்டி எங்கேந்து எங்க போச்சுன்னு பாக்குது, அதுக்கு டயரப் பத்தி என்ன கவல? கெளம்பறப்ப, பிரேக் அடிக்கறப்ப கொஞ்சம் பின்தங்கும். நேர் ரோட்டுல ஒரே சீரா போனா அதான் கரெக்ட்டு."

மீட்டர் வேகத்தையா பார்க்கிறது? சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுகிறது. அதை ஆரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் வேகம். ஆரம் என்பது கம்பெனியில் எழுதி வைத்த எண். தேய்ந்த டயருக்கு ஆரம் குறைவு, அதே தூரத்துக்கு அது கூடுதலாகச் சுற்றும், முள்ளும் கூடுதலாகக் காட்டும். ஆரத்தை மறந்துவிட்டு விடை எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் முட்டை போடுகிறவன். எனக்கு யார் போடுவது?

26 ஜூன்

வேனில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். சௌந்தரம் டீச்சர் தூங்கிக்கொண்டு வந்தார். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதுவா காரணம்? பயம். சிரித்தவர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

2 ஜூலை

இன்றும் சொல்லவில்லை. வெட்கங்கெட்டவன்.

6 ஜூலை, ஞாயிறு

முதுநகரில் கண்ணாயிரத்தின் வீட்டுக்குப் போனேன். வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய வேன். இப்போது யாருடைய மினி லாரியிலோ அண்ணாகிராமம் பக்கமிருந்து பலாப்பழ லோடு அடிக்கிறாராம். முந்தின பக்கங்களைப் புரட்டினால் அவன், அவன் என்று எழுதி வைத்திருக்கிறேன். மனிதர் என்னைவிட இரண்டு வயது பெரியவர்.

உட்காரச் சொன்னார். அவர் மகள் வெண்மதி தண்ணீர் கொண்டுவந்து வைத்தது, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது.

கல்லுக்குக் கல் நேரம் பார்த்த கதையைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன்.

"டீச்சரம்மா பயந்து பயந்து வராங்களேன்னுதான் சார் அந்த ஃபோன மாட்டினேன். அறுபதுன்னா கரெக்டா அறுபதுல போவணும்னு."

தார்ப்பாய் மூடிய வேனைப் பார்த்தபடி மேலே சொன்னார்.

"அன்னிக்குக் கடைசி சீட்டுல பாப்பா இருந்துச்சு சார். காலேஜுல சேர்க்கறதுக்குக் கூட்டியாந்தேன்."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா கொஞ்சம் மெதுவாத் திட்டியிருப்பீங்க." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. "என்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப்போவுது? சிரிச்சவங்ககிட்ட சொல்லுங்க."

7 ஜூலை

புதுச்சத்திரத்தில் வேனை ஓரங்கட்டச் சொல்லி, எழுந்து எல்லோரையும் பார்த்து நின்று சொன்னேன். கண்ணாயிரம் பொய் சொல்லவில்லை, நான்தான் தெரியாமல் பேசினேன் என்று. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சௌந்தரம் டீச்சர், "அந்த ஃபோன் எனக்காகவா மாட்டினாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். மத்தியானம் அவரே கண்ணாயிரத்துக்கு ஃபோன் போட்டு, மறுபடி வேனை எடுத்து வரச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பிலும் சொன்னேன். போர்டில் ஆரத்தைப் பெரிதாக எழுதினேன்.

14 ஜூலை, திங்கள்

கண்ணாயிரம் வந்துவிட்டார். பழைய வேன், கடைசி சீட்டில் வெண்மதி. இனிமேல் காலேஜுக்கு எங்களோடுதான் வரும். ஏறியதும் அதன் பக்கம் போய், "அன்னிக்கு உங்க அப்பா சொன்னதுதாம்மா சரி. நான் பேசினது தப்பு" என்றேன். "சரிங்க சார்" என்றது. அவ்வளவுதான்.

முன்சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், ஃபோன் மாட்டும் இடம் காலி. ஆலப்பாக்கம் தாண்டியும் முள் அறுபதிலேயே நின்றது. இம்மி நகரவில்லை. நிஜத்தில் ஐம்பத்தைந்துகூட இருக்காது. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின.

"ஃபோன மாட்டிக்கலாமேங்க" என்றேன் மெதுவாக.

"வேணாம் சார். பாப்பா வண்டில வருது. முள்ளு அறுபதுல இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

மீட்டரிலிருந்து கண்ணை எடுத்து ரோட்டைப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு நாலு நிமிஷம் தாமதம். ஒன்பது பேருக்கும் ரெஜிஸ்டரில் சிவப்பு மை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த சௌந்தரம் டீச்சர், "நாளையிலேருந்து எல்லாரும் அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துடுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். என்னை யாரும் பார்க்கவில்லை.