வேலைக்காகத் தின்றது கணக்கில் வராது

ஜூன் 2, திங்கள்

நேற்று வரை நான் சாப்பிட்டது சாப்பாடு. இன்று முதல் சாப்பிடப்போவது உணவுத் திட்டமாம். எடை எண்பத்து நான்கு கிலோ. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு இருநூற்றுப் பன்னிரண்டு. பரீட்சையில் கூட நான் இவ்வளவு வாங்கியதில்லை.

இதய டாக்டர் மூன்று மாதம் கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் குறையாவிட்டால் உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பாராம். "வீட்ல வேற யாருக்காவது இதய நோய் இருக்கா?" என்று கேட்டார். "அண்ணனுக்கு இருந்துச்சு. போன வருஷம் போயிட்டான்" என்றேன். தலையைத் தூக்காமல் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை.

உணவுத் திட்டம் எழுதித் தரும் பெண், வாயில் போகும் அத்தனையையும் எழுதச் சொல்லியிருக்கிறாள். எல்லாத்தையும், எல்லாத்தையும் என்று இரண்டு முறை. அதற்குத்தான் இந்த நோட்டு. புலம்பவும் இடம் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

காலை: ஓட்ஸ் கஞ்சி. சுவரொட்டி ஒட்ட வேண்டியதை ஏன் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.

மதியம்: வெள்ளரிக்காய், முட்டையின் வெள்ளைக்கரு. மஞ்சள் கருவை மகள் என் கண் எதிரிலேயே சாப்பிட்டாள். பெற்ற வயிறு குளிர்ந்தது.

பிற்பகல் தொழிற்சாலையில் வேலை அதிகம். வெண்ணெய் பிஸ்கட் நான்கு தொகுதி, கிரீம் பிஸ்கட் மூன்று. எல்லாவற்றையும் ருசி பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். டீ வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மன உறுதியை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

இரவு: சூப். அதில் மிதந்த கேரட்டுக்கும் என்னைப் போலவே யாருமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

"நானும் உன்கூடவே இதையே சாப்பிடறேன்" என்று என் வீட்டுக்காரர் அறிவித்திருக்கிறார். இவர் பக்கவாட்டில் திரும்பினால் ஆளே தெரியாது. இவர் எதைக் குறைக்கப்போகிறார்? நிழலையா?

ஜூன் 18, புதன்

ருசி பார்க்கும் மேசையில் என் பக்கத்தில் உட்காருபவளுக்கு நாங்கள் வைத்த பெயர் துப்பல் அக்கா. கடிப்பாள், மெல்லுவாள், கோப்பையில் துப்புவாள், வாய் கொப்பளிப்பாள். விதிமுறைத் தாளில் அப்படித்தான் இருக்கிறது. பதினேழு வருடமாக எனக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். நல்ல பண்டத்தை யாராவது துப்புவார்களா? நான் விழுங்கிவிடுவேன். என்னை வளர்த்த விதம் அப்படி.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு மாத முடிவு. இவர் நான்கு கிலோ குறைந்திருக்கிறார். நான் அறுநூறு கிராம் கூடியிருக்கிறேன்.

திட்டக்காரப் பெண் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "எதையாவது விட்டுட்டீங்களாம்மா?" என்றாள். திருட்டுக் கேஸில் விசாரிப்பது போல. விட்டேனா? ஒரு திராட்சை தின்றதைக் கூட எழுதியிருக்கிறேனே! அவளுடைய எடை இயந்திரத்தைப் பழுது பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கெடுவில் இன்னும் இரண்டு மாதம்தான் மிச்சம். அண்ணன் மாதிரி நானும் சாப்பாட்டு மேசையிலேயே சாய்ந்துவிட்டால்? மகளுக்குப் படிப்பே முடியவில்லை.

ஜூலை 9, புதன்

வேலையில் நெஞ்சை அடைத்தது. மூன்றாவது தொகுதியை ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பல் அக்காதான் என்னைக் கைத்தாங்கலாகத் தொழிற்சாலை நர்ஸிடம் கூட்டிப்போனாள். இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார்கள். மாரடைப்பு இல்லை. வயிற்று உப்புசமாம்.

"காலையில இருந்து என்னக்கா சாப்பிட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஓட்ஸ். அப்புறம் ஒண்ணுமே இல்ல."

நர்ஸ் என் சட்டைக் காலரிலிருந்து பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள். "அப்ப இது?"

"அது வேலைம்மா."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நர்ஸ் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

எண்ணினேன். ஒரு நாளைக்கு நாற்பத்தொன்று. நாற்பத்தொரு பிஸ்கட்! வீட்டில் அரை ஸ்பூன் சர்க்கரைக்கு அவ்வளவு பாடு பட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுப் போட்டுத் தின்றிருக்கிறேன். வேலைக்காகத் தின்றால் உடம்பில் ஒட்டாது என்று எந்தப் புண்ணியவான் சொன்னான் எனக்கு? யாரும் சொல்லவில்லை. நானே நினைத்துக்கொண்டேன். என்னை விடப் புத்திசாலி இந்த ஊரில் உண்டா?

இன்னொன்று. எழுதவே கை வரவில்லை. உடைந்த பிஸ்கட்டை ஊழியர்களுக்குப் பை பையாகக் கொடுப்பார்கள். அண்ணன் இருந்தவரை சனிக்கிழமைதோறும் ஒரு பை அவன் வீட்டுக்குப் போகும். கொண்டுபோய்க் கொடுப்பது நான். அவன் டீயில் முக்கி முக்கித் தின்பான், நான் பார்த்துச் சந்தோஷப்படுவேன். எத்தனை சனிக்கிழமை — ஐயோ.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணியிடம் போய்ச் சொன்னேன். நான்தான் அவனைக் கொன்னுட்டேனா அண்ணி என்று கேட்டே விட்டேன்.

அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு, "நீ ஒரு பைதான் கொடுத்த. மிச்சத்தை நான்தானே பொரிச்சுப் போட்டேன். அவர் கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது. உன்னாலயும் முடியாது" என்றாள். இருவரும் அழுதோம். நடுவில் அவள் பால் காய்ச்சினாள். சர்க்கரை போடவில்லை.

ஜூலை 14, திங்கள்

துப்பினேன். நாற்பத்தொரு முறை. துப்பல் அக்கா தன் கோப்பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புதுத் தொல்லை. எல்லாம் தித்திக்கிறது. கேரட் தித்திக்கிறது. இன்று கிரீம் பிஸ்கட்டைத் தொண்டையைக் கரிக்கும் தித்திப்பு என்று எழுதி, தொகுதியையே நிறுத்திவிட்டேன். மேலாளர் ஓடி வந்தார்.

"பதினேழு வருஷமா இதே பக்குவம்தானே! இன்னிக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"சார், பிஸ்கட் மாறல. என் நாக்குதான் மாறிடுச்சு."

துப்பல் அக்கா ருசி பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டாள். வீட்டில் எல்லாம் தின்னும் அவள் நாக்கு இன்னும் ஊர் நாக்கு. என்னை இயந்திரப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பிஸ்கட் எவ்வளவு அழுத்தத்தில் உடைகிறது என்று பார்க்கும் வேலை. பதினேழு வருட நாக்குக்கு நல்ல மரியாதை. வருத்தம்தான். ஆனாலும் மாடிப்படி ஏறும்போது மூச்சு இரைக்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

எடை எழுபத்தொன்பது. கெட்ட கொழுப்பு நூற்று நாற்பத்தெட்டு. குழாய் இப்போதைக்கு வேண்டாமாம். மாத்திரை உண்டு, நடை உண்டு, ஓட்ஸ் உண்டு. டாக்டர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

இவரை மட்டும் எடையை இரண்டு கிலோ ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இவருடைய அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

செப்டம்பர் 6, சனி

அண்ணியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். "எனக்கு என்ன கேடு, நல்லாத்தானே இருக்கேன்" என்று வழியெல்லாம் முனகினாள். ஊசி குத்தும்போது என் கையை நசுக்கிவிட்டாள்.

அந்தப் பரிசோதனை நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அரை மணி நேர வேலை. அண்ணனையும் ஒரு சனிக்கிழமை இப்படி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் கூப்பிட்டிருந்தால் திட்டிக்கொண்டே வந்திருப்பான்.

அறிக்கை திங்கள் மாலை வருகிறது. நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.