ஜன்னல் வழியாக வந்த கோட்டு

பெய்த் ஜாலா,
புனித நிக்கோலா திருநாளுக்கு மறுநாள்

அன்பு மகன் மித்ரிக்கு, அம்மா எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. சாண்டியாகோவில் நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். ஒலிவக்காய் பறித்து முடிந்தது, எண்ணெய் இந்த வருடம் குறைவு, அப்பாவின் பேச்சு அதைவிடக் குறைவு. நீ அப்பாவுக்கு அனுப்பிய கம்பளிக் கோட்டு ஆறாம் தேதிக்கே வந்துவிட்டது. பெற்ற அப்பன் பெயரே நிக்கோலா, நம் தெருவில் பாதிப் பேர் நிக்கோலா, அப்படியிருந்தும் பழைய காலண்டர்படி நம் திருநாள் பத்தொன்பதாம் தேதி என்பதை மறந்து அந்த ஊர்க் கணக்குக்கு அனுப்பியிருக்கிறாயே. அதுவரை மாவுப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். நேரே கொடுப்பதற்கென்ன என்பாய். நீ விமானம் ஏறிய அன்று, அவன் கையால ஒரு துரும்புகூட வாங்கமாட்டேன் என்றவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்.

திருநாளுக்கு முந்தின மாலை பாதிரியார் வழக்கமான கதையைச் சொன்னார். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத தகப்பன், ஜன்னல் வழியாகப் பொன்முடிச்சை எறிந்துவிட்டு ஓடிய நம் புனிதர், இந்த ரகசியப் பரிசு வழக்கமே அதிலிருந்து வந்ததாம். புனிதரின் தாழ்மையைப் பாருங்கள் என்றார். தாழ்மையாவது ஒன்றாவது. அந்தத் தகப்பனும் உன் அப்பா மாதிரி ஆளாக இருந்திருப்பான், வாசல் வழியாகக் கொடுத்தால் திருப்பி அனுப்பியிருப்பான், வேறென்ன. விடிந்ததும் அப்பா காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது நான் மழையில் வெளியே நின்று கோட்டை ஜன்னல் வழியாக எறிந்தேன். முழங்கால் போனது அதில்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மாவைத் தட்டினார், போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். எதிர்வீட்டு ஷுக்ரி விடுவாரா, ஏது கோட்டு என்று கேட்டார். புனிதர் குடுத்தாரு என்றார் அப்பா. காலர்ல ஸ்பானிஷ்ல எழுதியிருக்கே, புனிதருக்கு அதுவும் வருமோ என்றார் ஷுக்ரி. அவருக்கு வராத பாஷையாய்யா என்று அப்பா நகர்ந்துவிட்டார்.

கோட்டின் கைதான் நீளம், விரலே தெரியவில்லை. தையற்காரரிடம் கொடுத்துக் குறைக்கட்டுமா என்று நேற்று கேட்டேன். தொடாத, அளவு தெரியாம அனுப்பினவரே வந்து அளவெடுத்துட்டுப் போகட்டும், உன் புனிதர்கிட்ட எழுதிடு என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எழுதிவிட்டேன். ஆண்டவர் உன்னைக் காப்பாராக. கிளம்பும் தேதியையாவது நம் காலண்டரைப் பார்த்துப் போடு. அளவு நாடா வீட்டிலேயே இருக்கிறது.

உன் அம்மா,
வர்தே