கடைசியில் சேர்ந்தவர் முதலில்

8 ஜூலை 2025, செவ்வாய்

உறுதியானது: அன்பரசனின் இடது காது போய்விட்டது. தகவல் தந்தவர் அவரே. மருத்துவமனைச் சீட்டைக் காட்டினார், படித்தேன். வலது காது இருக்கிறது. பெருஞ்சத்தத்தின் பக்கம் போகாமல் இருந்தால் அது நிலைக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

உறுதியாகாதது: 'கடைமடை' கலைகிறது. இதையும் சொன்னவர் அவர்தான். "எழுதிடுங்க சார். இருபத்தாறு வருஷம். என்னோட முடிஞ்சுது."

ஒருவர் சொல்வது பேச்சு. குழுவில் மற்ற மூவரும் சொன்னால்தான் செய்தி. மாலையில் அலுவலகத்துக்குப் போன் செய்து, கடைமடை முடிந்துவிடும் போலிருக்கிறது என்றேன். எதிர்முனையில் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர். "எந்த ஆறு சார்? வெண்ணாறா, வெட்டாறா?" என்றார்.

அவர்மேல் தப்பில்லை. ஜூலை மாதத்தில் இந்த ஊர் நிருபர் கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசி மடை, அங்கே இன்னும் தண்ணீர் போகவில்லை என்றுதான் அர்த்தம். அந்தப் பெயரில் அன்பரசன் தொடங்கிப் பாடிவரும் ஒரு ஹார்ட்கோர் பங்க் குழு இருப்பதையும், அது வலங்கைமானில் பழைய அரிசி ஆலையின் பின்கொட்டகையில் ஒத்திகை பார்ப்பதையும் சொன்னேன். அப்படியென்றால் என்ன இசை என்று கேட்டார். எப்போதும் கொடுக்கும் வரியையே கொடுத்தேன்: முக்கால் நிமிஷப் பாட்டு, முழுக்கக் கத்தல், கேட்டவன் உட்கார முடியாது.

9 ஜூலை, புதன்

சுடர்விழிக்குப் போன் செய்தேன். பேஸ் கிட்டார் அவர்தான். பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"குழுவைக் கலைப்பது பற்றி உங்கள் கருத்து" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"எதைக் கலைக்கிறது?"

சொன்னேன். பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"காது விஷயம் தெரியும். இது தெரியாது. மொதல்ல உங்ககிட்டயா சார் சொன்னாரு?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

"சரி. நான் வெச்சிடறேன்."

சே. இப்படியா தெரியணும் அந்தப் பொண்ணுக்கு? பன்னெண்டு வருஷம் பக்கத்துல நின்னு வாசிச்சவளுக்குப் பேப்பர்காரன் போன் பண்ணியா சொல்றது? கேள்வி கேட்கும் முன், என்ன தெரியும் என்று கேட்டிருக்கலாம்.

10 ஜூலை, வியாழன்

கிட்டார் வாசிக்கும் பரிதிக்கும் தெரிந்திருக்கவில்லை. டிரம்ஸ் தஹ்மீனாவுக்கும் இல்லை. செய்தியை நிறுத்தி வைத்தேன்.

13 ஜூலை, ஞாயிறு

கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். "நீங்களும் வாங்க சார், பாதி பேச்சு உங்ககிட்டதானே இருக்கு" என்றார் பரிதி. குத்தல்தான். போனேன். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் நெல் சாக்கு. இன்று யாரும் வாசிக்கவில்லை.

இந்தக் குழுவில் ஒரு முறை உண்டு. எதை முடிவு செய்வதானாலும் கடைசியில் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும். தொடங்கியவர் கடைசியில்தான். அவர் பேசும்வரை முடிவு இல்லை. வைத்தவர் அன்பரசன்.

கடைசியில் சேர்ந்தவர் தஹ்மீனா, எட்டு மாதம் முன்பு. நாகப்பட்டினத்துக்காரர். இந்தக் குழுவின் முதல் டிரம்ஸ்காரர் அஹமது கபீர் அவருடைய தாய்மாமா. சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மொதல்ல பேச வேண்டியது நானு. அண்ணன் ஏற்கனவே பேப்பர்காரர்கிட்ட பேசிட்டாரு. மொதத் தண்ணிய எடுக்குற தலைமடைக்காரரு ஆயிட்டாரு அண்ணன்."

அன்பரசனுக்கு அது இடப்பக்கம். "என்னம்மா?" என்று வலது காதைத் திருப்பினார்.

தஹ்மீனா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இன்னொரு தடவை அதே வேகத்தில் சொல்ல அவரால் முடியவில்லை. "ஒண்ணுமில்லண்ணே" என்றார். அன்பரசன் விடவில்லை. "இல்ல, சொல்லு. கேக்கல." கடைசியில் ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக, கண் கலங்கச் சொன்னார். கத்திச் சொன்ன பிறகும் அது திட்டுப் போல இல்லை.

அன்பரசன் பள்ளியில் கணக்கு வாத்தியார். பதிலுக்குப் பதில் கேள்வியே கேட்டார்.

"நான் இல்லாம இந்தப் பேரு எதுக்கும்மா?"

பரிதி முறையை மீறிக் குறுக்கே வந்தார். "இதுவரைக்கும் எத்தன பேரு வந்தாங்க, எத்தன பேரு போனாங்க? யாரு போனப்பவும் நீங்க இப்படிக் கேக்கலயேண்ணே."

அன்பரசன் எழுந்து போய்விட்டார். தம்முடைய முறை வந்தபோது அவர் இல்லை. எனவே முடிவும் இல்லை.

20 ஜூலை, ஞாயிறு

நாகப்பட்டினம். கபீர் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். துபாய்க்குப் போக 2008இல் குழுவை விட்டவர்.

"முதல் கச்சேரி தெரியுமா சார்? தாராசுரத்துல தியாகராசன் மண்டபம். பதினாலு பாட்டையும் அடிச்சு முடிச்சு, வேத்து விறுவிறுத்து எறங்குறோம். தியாகராசன் வந்து, 'டெஸ்டிங் போதும் தம்பி, பாட்டப் போடுங்க'ன்னாரு." அவரே சிரித்துக் கொண்டார்.

முறையைப் பற்றிக் கேட்டேன்.

"அன்பு அப்பா கூலிக்கு நட்டவரு. அப்புறம் குத்தகைக்கு ஒரு துண்டு. வாய்க்கால்ல கடைசி மடை அவரோடது. மேல உள்ளவன் தொறந்து எடுத்துட்டு மிச்சத்த விடுவான், மிச்சமே இருக்காது. பேண்டுல அத மாத்தி வைப்போம்டான்னான். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா புதுசா வர்ற எவனும் மொத நாளு என்ன சொல்லுவான்? 'எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே, நீங்களே சொல்லுங்க.' அன்பு சொல்லவே மாட்டான். கையக் கட்டிட்டு உக்காந்திருப்பான். அவன் வாயத் தொறக்குற வரைக்கும் டீ கூட வராது."

அவர் விட்டுப் போனபோது?

"ஏர்போர்ட்டுக்கு வந்தான். நீ போடா, டிரம்ஸ் இருக்கும்னான். லீவுல வந்து பாத்தேன். எனக்குப் பதிலா வந்தவன் என்னை விட நல்லா அடிக்கிறான். ரெண்டு நாள் சோறு எறங்கல சார்." செருப்பு ஜோடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "நேத்து அவனுக்கு மெசேஜ் போட்டேன். காது போனது எனக்கும் வலிக்குதுடா. ஆனா அந்தப் பேர உனக்கு எவன்டா பட்டா போட்டுக் குடுத்தான்னு கேட்டேன். படிச்சிருக்கான். பதில் இல்ல."

29 ஜூலை, செவ்வாய்

அன்பரசனிடமிருந்து ஒன்றுமில்லை. போனை எடுப்பதில்லை. மிச்சமிருக்கும் ஒரு காதில் போனை வைக்கப் பயமாக இருக்கலாம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. எழுதி அனுப்பினேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

17ஆம் தேதி அதே தாராசுரம் மண்டபத்தில் கச்சேரி. முன்பே ஒத்துக்கொண்டது. சுடர்விழி பாடப்போகிறார். ஒத்திகையைக் கேட்டேன். அன்பரசனின் குரல் கல் உருள்வது போல. இது வேறு. தகரத்தைக் கிழிக்கிறது.

போஸ்டரில் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது. குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. மண்டபத்துக்காரர் தியாகராசன் இதற்காகவே வலங்கைமான் வந்துவிட்டார். "பேரு இல்லாத கச்சேரிக்கு எவம்மா வருவான்? கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ள பேரு இல்லாத மாதிரி இருக்கு."

சுடர்விழி சொன்னது: "அண்ணன் இன்னும் பேசல. அவரு பேசாம முடிவு கெடையாது. முடிவு இல்லாம பேரப் போட எங்களுக்கு உரிமை இல்ல."

கோபத்தில் சொன்னதா என்று யோசித்தேன். இல்லை. அவரை விட அந்த முறையை இவர்கள் கெட்டியாகப் பிடித்திருக்கிறார்கள்.

9 ஆகஸ்ட், சனி

அன்பரசனின் மெசேஜ்: "கடைவீதியில் போஸ்டர் பார்த்தேன். பேரை எடுத்துக்கொள்ளவில்லையே சார். நாளைக்கு ஒத்திகை உண்டா?"

அவர்களிடமே கேளுங்கள் என்று பதில் போட்டேன். இந்த முறை நடுவில் நான் வேண்டாம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தார். மூவரும் வாசிப்பதை நிறுத்தினார்கள். தஹ்மீனா எழுந்து போய் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தார்.

முதலில் தஹ்மீனா: தொடரணும். அடுத்து பரிதி: தொடரணும். சுடர்விழி: தொடரணும், ஆனா அண்ணன் மனசு கசந்து வேணாம். மூவருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் அவர் முறை.

"நான் போறேன். பேரு இருக்கட்டும். அதுக்கு முன்னாடி, உங்ககிட்ட சொல்லாம வெளியில சொன்னது தப்பு. நீங்க எல்லாம் போதும்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். அதான் நானே முந்திக்கிட்டேன்."

"என்னைக்குண்ணே நாங்க போதும்னோம்?" என்றார் பரிதி. மாறாத அதே குத்தல். எல்லோரும் சிரித்தார்கள். அன்பரசன் அரைநொடி தாமதமாக.

இப்போது நான்கு பேரும் சொல்லியாயிற்று. செய்தி அனுப்பினேன்: அன்பரசன் விலகினார், கடைமடை தொடரும்.

11 ஆகஸ்ட், திங்கள்

பாசனச் செய்திகள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தாராசுரம். மண்டபம் பாதிக்கு மேல். போஸ்டர்களின் காலி இடங்களில் பரிதி கையாலேயே பெயரை எழுதியிருந்தார். கபீர் முன்வரிசையில் நின்று மருமகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று சோறு இறங்குமா என்று கேட்டேன். "எறங்காது சார்" என்றார் சந்தோஷமாக. அன்பரசன் வரவில்லை. டாக்டர் சொன்னதை மதிக்கிறார்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சுடர்விழி அன்பரசன் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறார்: பாட்டு எழுத ஆள் இல்லை, சேருகிறீர்களா. ஒரு நாள் எடுத்துக்கொண்டு சரி என்றாராம். இருவரிடமும் உறுதி செய்தேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

கொட்டகை. பேச வேண்டியது ஒன்றுதான். அன்பரசன் இனி ஒத்திகைக்கு வருவார், பாட்டின் சொற்களைத் திருத்துவார். அப்படியானால் சத்தத்தைக் குறைத்து வாசிப்பதா?

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அன்பரசன் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு தஹ்மீனாவைப் பார்த்தார். தஹ்மீனா அவரைப் பார்த்தார். வாசலில் டீயைக் கொண்டுவந்து வைத்த பெண், இவர்களைப் பார்த்துவிட்டு, ஊற்றாமலே நின்றார்.

"என்னம்மா, பேசு."

"நான் ஏன் பேசணும்? கடைசியாச் சேந்தது நீங்கதானே?"

அவருக்குக் கேட்டது. வலப்பக்கம்தான். ஆனாலும் புரிய நேரமானது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார், சுவரில் சாக்கு அசையும்படி. சிரிப்பு நின்றதும் கைக்கட்டை அவிழ்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீங்களே சொல்லுங்க."

சுடர்விழி கையைக் கட்டிக்கொண்டார். பரிதியும். தஹ்மீனாவும். டீ வரவில்லை.

கடைசியில் அன்பரசன் சொன்னார்: "எனக்காகச் சத்தத்தக் கொறைக்காதீங்க. நான் வெளியில நின்னு கேக்கறேன்."

ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்து போனார். வாய்க்கால் கரையில், வலது காதைக் கொட்டகைப் பக்கம் திருப்பி நின்றார். உள்ளே தஹ்மீனா குச்சியால் நாலு தட்டு தட்டினார்.

புதுப் பாட்டு முடிந்ததும் ஒரு தாளோடு திரும்பி வந்தார். இரண்டாவது வரி மாறியிருந்தது.

நிலுவை: வலது காதுக்கு மறுபரிசோதனை, 22ஆம் தேதி திங்கள், தஞ்சாவூர். முடிவு அன்று மாலையே தெரியும் என்கிறார்கள். பாட்டின் மூன்றாவது வரியும் பாக்கி. அது அடுத்த ஞாயிறு.