கணக்கில் சாப்பிடுகிறவர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வள்ளிக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உன் அம்மாவின் நலத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை என்பதால், ஊருக்கு வரும் நூர் முகமது பாயிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நான் சமைக்கும் கடை நன்றாக நடக்கிறது. ஆள்தான் வருவதில்லை. மதியம் நான்கு பேர் வந்தால் கூட்டம். ஆனால் கடை மூடும்போது கல்லா நிறைந்திருக்கும். முருகன் அருள் என்றே நினைத்திருந்தேன்.

வாங்கும் சம்பளம் உறுத்தவே, போன மாதம் நண்டு மசாலா போட்டு, வாசலில் பலகை வைத்தேன். ஒரே வாரத்தில் வரிசை நின்றது. முதலாளி சிவநேசன் பாராட்டுவார் என்று பார்த்தால், அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன மாஸ்டர் இது? யாரு ஒங்கள இவ்ளோ டேஸ்ட்டா செய்யச் சொன்னா? உப்பக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க லா" என்று கெஞ்சினார். தொழிலில் நான் கேட்டிராத வேண்டுகோள். கூட்டிப் போட்டேன். கூட்டம் கலைந்தது. சொன்னதைக் கேட்கிற ஆள் என்று மகிழ்ந்து, கிள்ளானில் திறக்கும் புதுக் கடைக்கு என்னையே முதலாளி ஆக்குவதாகச் சொன்னார். அதைத்தான் உனக்குப் போனில் சொன்னேன். மச்சான் சதீஷ்குமாரும் உடனே நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் 'மலேசியத் தொழிலதிபரே' என்று பேனர் வைத்துவிட்டான்.

பேனர் படத்தைக் கல்லாவில் இருக்கும் பிரவினிடம் காட்டினேன். "நல்லா சிரிச்ச முகமா இருக்கீங்கண்ணே. போலீசுக்கு ஈஸி" என்றான். பிறகு விளக்கினான். செராஸில் யாரோ நடத்தும் சூதாட்டத்தின் பணம் தினமும் மாலை பையில் வருகிறதாம். யாரும் சாப்பிடாத சாப்பாட்டுக்கு ரசீது அடித்து, அந்தப் பணத்தைக் கல்லாவில் கலந்து வங்கியில் கட்டுகிறார்கள். அதன் பிறகு அது சோறு விற்ற பணம். வரியும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். வரி கட்டுவதில் இத்தனை ஆசையுள்ள மனிதர்களை நான் பார்த்ததில்லை. மிச்சம் பூச்சோங்கில் வீடாகவும் டெங்கிலில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகவும் மாறிவிடுகிறது. இருப்பதோ பத்து மேசை. "நெஜ ஆளுங்க வந்து ஒக்காந்துட்டா, கணக்குல சாப்புடுறவங்களுக்கு எடம் ஏதுண்ணே?" என்றான். நியாயமான கேள்வி.

கிள்ளான் கடையும் வங்கிக் கணக்கும் என் பெயரில் மட்டும் இருக்குமாம். மாட்டினால் மாட்டுகிற ஒரே பெயரும் அதுதான். வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று நினைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்ல நாள் பார்த்து, வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்து.

உடனே பேனரை இறக்கச் சொல். மச்சான் வருத்தப்பட்டால், அவன் படத்தை விட்டுவிட்டு என் முகத்தை மட்டுமாவது கிழிக்கட்டும்.

அடுத்தது அத்தை விஷயம். என் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. வீட்டில் யாராவது சாகக் கிடந்தால்தான் அதைத் திறப்பார். என் அம்மாவைப் போன பொங்கலுக்கே அப்படிச் சொல்லி லீவு வாங்கிவிட்டேன். அதனால் அத்தையிடம் பக்குவமாகப் பேசி, மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவைத்துப் படம் எடுத்து, 'உடனே வரவும்' என்று வியாழனுக்குள் முதலாளிக்கு அனுப்பு. படத்தில் வெற்றிலை போடாமல் இருக்கட்டும்.

அத்தை நூறு வயது வாழ வேண்டும். நான் வந்து சேரும் வரைக்கும் மட்டும் எழுந்து உட்கார வேண்டாம்.

உன் அன்புக் கணவன்,
திருமுருகன்